மொட்டை மாடிக்கு வாட்டம் முக்கியம்

இண்டூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கட்டி 18 வருடம் ஆகிறது. கீழே இரண்டு அறை, கூடம், சமையலறை. மேலே மொட்டை மாடி. புளி காய்வதும் கேழ்வரகு காய்வதும் துணி காய்வதும் அங்கேதான். கோடை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பமே மேலே போய்விடும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் மட்டும் அந்த மாடி வேறு முகம் காட்டும். பாட்டியின் கட்டிலுக்கு நேர் மேலே முதல் நாள் ஒரு ஈர வட்டம். மறுநாள் பழுப்புக் கறை. மூன்றாம் நாள் கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டு அங்கே ஒரு குண்டானை வைப்பார்கள்.

மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள்.

"என்னங்கண்ணா, போன வருசம்தான மருந்து அடிச்சீங்க? இந்த வருசமும் ஒழுவுதே!"

"அடிச்சது நெசந்தாங்க்கா. ஆனா மேல தண்ணி நிக்குது. தண்ணி நின்னா எந்த மருந்தும் நிக்காது."

ஊர்தோறும் எத்தனையோ வீடுகளில் நடக்கும் பேச்சுதான் இது. அந்த மேஸ்திரியின் பதிலில் பாதி வைத்தியம் இருக்கிறது. ஒழுகும் இடத்தை அடைப்பதில் காட்டும் அக்கறையை, தண்ணீர் வெளியேறும் வழியைத் திறப்பதில் யாரும் காட்டுவதில்லை. தட்டையான கூரைக்கு எதிரி மழை இல்லை. பெய்த மழை போக வழியில்லாமல் நிற்பதுதான் எதிரி.

பனி நாட்டிலும் இதே கதை

டொரன்டோவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டால், தட்டைக் கூரையின் தொல்லை அங்கே எப்படி வருகிறது என்று சொல்வார்கள். பகலில் கொஞ்சம் வெயில் அடித்தால் கூரையில் கிடக்கும் பனி உருகும். இரவில் அது திரும்ப உறையும். வடிகுழாயின் வாயிலேயே ஐஸ் கட்டிக்கொண்டால் அடுத்த நாள் உருகும் நீருக்குப் போக்கிடம் இல்லை. அது பின்வாங்கிக் கூரையின் இடுக்குகளுக்குள் புகுந்துவிடும். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். விரிசலுக்குள் உறைந்த நீர் ஆப்பு வைத்ததுபோல விரிசலை அகட்டிக்கொண்டே போகும். அதனால்தான் அங்கே பெரிய தட்டைக் கூரைகளின் வடிகுழாயைச் சூடான கட்டடத்தின் உள்பக்கமாகவே இறக்குகிறார்கள். சில இடங்களில் குழாய் வாயில் சூடேற்றும் மின்கம்பியும் போடுகிறார்கள்.

நம் நாட்டிலேயே லடாக்கில் வீடுகளின் கூரை தட்டைதான். பாப்ளார் மர உத்தரம், அதன் மேல் வில்லோ குச்சிகள், அதன் மேல் புல், மண். மழை மிகக் குறைந்த பூமி என்பதால் அது தாங்குகிறது. ஆனால் பனி விழுந்தால், உருகும்வரை அங்கே காத்திருப்பதில்லை. மண்வெட்டியோடு கூரையில் ஏறித் தள்ளிவிடுகிறார்கள். கூரையில் தண்ணீரைத் தங்கவிடக் கூடாது என்பது அவர்களின் பழக்கத்திலேயே ஊறிவிட்டது.

தருமபுரி மாவட்டத்தில் கூரையில் ஐஸ் கட்டாது. ஆனால் ஐஸ் செய்யும் வேலையை இங்கே துரு செய்கிறது.

தேங்கிய நீர் என்ன செய்யும்?

நல்ல கான்கிரீட்டுக்குக் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம்தான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆண்டுகள் போகப் போகக் காற்றில் உள்ள கரியமில வாயு அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அந்த நிலையில், மேலே தேங்கிய நீரும் விரிசல் வழியாக இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு தொடங்கிவிடும். துருவாக மாறிய இரும்பு, பழைய இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் ஏது இடம்? கீழ்ப்பக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு நாள் காலையில் கூரையின் பூச்சு பொலபொலவென்று கட்டிலில் விழுந்து கிடப்பது இப்படித்தான்.

வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. 30 அடி நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்தால் சுருங்கும். பகலில் கொளுத்தும் வெயில், மாலையில் கோடை மழை என்றால் ஒரே நாளில் நீட்டமும் சுருக்கமும் நடக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் மயிரிழை போல விரிசல் விடுவது இதனால்தான். அந்த விரிசல் மீது மழை வழிந்து ஓடினால் உள்ளே இறங்குவது கொஞ்சம்தான். இரண்டு நாள் தேங்கி நின்றாலோ, உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பாரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர அடியில் 1 அங்குல உயரம் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 230 லிட்டர், அதாவது 230 கிலோ. மூன்று நெல் மூட்டைக்குக் குறையாத எடை.

மழையும் முன்போல் பிரித்துப் பிரித்துப் பெய்வதில்லை. 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்காமல் உள்மாவட்டங்களுக்கும் வந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 1,000 சதுர அடி மாடியில் 50 சென்டிமீட்டர் என்றால் 46,000 லிட்டருக்கும் மேல். வழி அடைபட்ட மாடியில் அது என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

சாக்பீஸ் சோதனை

மாடியில் எங்கே குறை என்று கண்டுபிடிக்க இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும். வீட்டுப் பிள்ளைகளைக்கூட இந்த வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், கைப்பிடிச் சுவர் உள்ள மாடி என்றால்.

நல்ல மழை பெய்து வெறித்ததும் மாடிக்குப் போய், தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுற்றிக் கோடு போடுங்கள். மறுநாள் பாருங்கள். அதற்கும் மறுநாள் பாருங்கள். 48 மணி நேரம் கழித்தும் கோட்டுக்குள் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் வாட்டம் சரியில்லை என்று பொருள். ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுப் பார்த்து, அது முழுகும் இடங்களை முதலில் கவனிக்க வேண்டும். மழைக்குக் காத்திருக்க முடியாதவர்கள் நாலு குடம் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கலாம். கடைசியாக மாடியையும் கோடுகளையும் செல்போனில் படம் எடுத்துவையுங்கள். வெயில் காலத்தில் மேஸ்திரி வரும்போது மாடி காய்ந்து கிடக்கும், படம்தான் பேசும்.

முதலில் வாயைத் திறக்கணும்

பாதி மாடிகளில் வாட்டம் நன்றாகவே இருக்கும். தண்ணீர் போகும் குழாயின் வாய்தான் அடைபட்டிருக்கும். வேப்பிலை, புளிய இலை, காய்ந்த துணியிலிருந்து பறந்த நூல், கிளிப், பிளாஸ்டிக் கவர், காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை மாடியைக் கூட்டி, குழாய் வாயைக் கையால் வழித்துவிட்டாலே பாதித் தொல்லை தீரும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

வாயில் சல்லடை போட வேண்டும். ஆனால் தட்டையான சல்லடை வேண்டாம். ஒரே ஒரு பெரிய இலை அதை மூடிவிடும். கவிழ்த்த கிண்ணம் போல எழும்பி நிற்கும் சல்லடை நல்லது. சுற்றிலும் இலை சேர்ந்தாலும் மேல்பக்கமாகத் தண்ணீர் போகும்.

குழாயின் வாய், சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். ஓடு பதிக்கும்போது பல வீடுகளில் குழாய் வாய் அரை அங்குலம் தூக்கலாக நின்றுவிடும். பிறகு எத்தனை மழை பெய்தாலும் அந்த அரை அங்குலத் தண்ணீர் அங்கேயே கிடக்கும். சுற்றிலும் ஓர் அடிக்கு உடைத்துத் தாழ்த்திப் பூசினால் தீர்ந்துவிடும். ஒரு நாள் வேலைதான்.

குழாய் எத்தனை வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால், 4 அங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 460 சதுர அடி மாடியின் நீரைத்தான் இறக்கும் என்கிறது இந்தியக் கட்டட விதிகளில் உள்ள அட்டவணை. 3 அங்குலக் குழாய் என்றால் 220 சதுர அடி. ஆக, 1,000 சதுர அடி மாடிக்கு ஒரே ஒரு 3 அங்குலக் குழாய் போட்டிருந்தால், பெருமழையில் மாடி தொட்டியாகத்தான் மாறும். குழாய் எத்தனை இருந்தாலும், கைப்பிடிச் சுவரில் தரைக்கு 2 அங்குலம் மேலே ஒரு ஓட்டை விட்டுவைப்பது நல்லது. எல்லாக் குழாயும் அடைபட்டாலும் தண்ணீர் அதன் வழியே வெளியே கொட்டும். அங்கிருந்து தண்ணீர் விழுவதைப் பார்த்தாலே மேலே அடைப்பு என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு வாட்டம்

மாடியில் 10 அடி தூரத்துக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் சரிவு இருக்க வேண்டும். அதைத்தான் மேஸ்திரிகள் வாட்டம் என்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு நல்ல பழைய முறை உண்டு. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டித் தளம் போடுவார்கள். வாட்டம் அந்தத் தளத்திலேயே வந்துவிடும். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்புத் தளம் சிமென்ட் போல விறைப்பாக இருக்காது. வெயிலுக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அறைக்குள் சூட்டையும் குறைக்கும். இன்றும் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்பைக் குறைத்து, தட்டுவதையும் குறைத்தால் பலனும் குறைந்துவிடும்.

ஏற்கெனவே கட்டிய மாடியில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் பள்ளம் இருந்தால், அந்த இடத்து ஓட்டை மட்டும் பெயர்த்து, அடியில் நிரவி, குழாயை நோக்கிச் சரிவு வைத்துத் திரும்பப் பதித்தால் போதும். "மொத்தமா மேல 2 அங்குலத்துக்கு இன்னொரு தளம் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் யோசிக்க வேண்டும். 1,000 சதுர அடிக்கு 2 அங்குலச் சிமென்ட் கலவை ஏறக்குறைய 10 டன் எடை. ஏற்கெனவே துருப்பிடித்த கம்பியின் தலையில் அந்தப் பாரத்தையும் ஏற்றுவது ஆபத்து. பழைய வீடாக இருந்தால் பொறியாளர் ஒருவரைக் காட்டிக் கேட்ட பிறகே புதுத் தளம்.

கண்ணுக்குத் தப்பும் இடங்கள்

பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூண்களில் கம்பியை நீட்டிவிட்டிருப்போம். ஐந்து வருடம், பத்து வருடம் அது துருவேறி நிற்கும். அந்தக் கம்பியை ஒட்டியே தண்ணீர் தூணுக்குள் இறங்கும். துருவைச் சுரண்டி, சிமென்ட் பால் பூசி, மெலிந்த கலவையால் மூடிவைத்தால் நாளை மாடி எடுக்கும்போதும் கம்பி உதவும், இன்று தூணும் பிழைக்கும்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் இடத்தைப் பாருங்கள். மோட்டாரை நிறுத்த மறக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே மழைதான். வழியும் குழாயை நேராக வடிகுழாய் வாய்வரை கொண்டுபோய் விட வேண்டும். டிஷ் ஆன்டெனாவுக்கும் சோலார் தகட்டுக்கும் போட்ட போல்ட் ஓட்டைகள், பந்தல் போட அடித்த ஆணித் துளைகள், பூந்தொட்டிகளின் அடி, மிச்சம் கிடக்கும் மணல் குவியல், விறகு அடுக்கு எல்லாமே நீரைப் பிடித்துவைக்கும் இடங்கள். பூந்தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் காற்று போகும்.

கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றை அழகு என்று விட்டுவைக்கக் கூடாது. மேலே பிடுங்கினால் வேர் உள்ளேயே இருந்து மறுபடி துளிர்க்கும். சிறிதாக இருக்கும்போதே பூச்சைத் தட்டி வேரோடு எடுத்து, அந்த இடத்தைக் கலவையால் அடைத்துவிட வேண்டும்.

சுவரும் தரையும் சேரும் மூலை சதுரமாக இருந்தால் தண்ணீர் அங்கே ஒதுங்கும். அந்த மூலை நெடுகச் சரிவாக, விரல் வைத்து இழுத்ததுபோல உருட்டிப் பூசினால் நீர் தங்காமல் வழியும்.

கடைசியாகத்தான் மருந்து

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு. அதற்கும் காலம் உண்டு. மாசி முதல் வைகாசி வரை, தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அடிக்க வேண்டும். ஈரத் தளத்தில் அடித்தால் வெயில் வந்ததும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். மழைக்காலத்தில் ஒழுகத் தொடங்கியபின் அவசரமாக அடித்த பூச்சு அடுத்த வருடம் உரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தருமபுரிப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு. ஆவணி, புரட்டாசியிலேயே நல்ல மழை இறங்கிவிடும். ஐப்பசிக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலம் தப்பிவிடும்.

வெள்ளை நிறப் பூச்சானால் இன்னொரு லாபம். வெயிலைத் திருப்பி அனுப்பும். தளம் குறைவாகச் சூடேறும், குறைவாக நீளும், விரிசலும் குறையும். கையில் காசில்லாதவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுகூட ஒரு கோடைக்கு நன்மைதான்.

கீழே இருப்பவர்களைக் கவனிக்கணும்

மேலே செய்யும் வேலைக்குக் காலம் ஆகலாம். கீழே படுத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. கூரையில் துருநிறக் கறை, உப்பிய பூச்சு, கம்பியின் ஓட்டத்திலேயே நீளமான விரிசல் இருந்தால், பக்கவாட்டில் நின்றுகொண்டு ஒரு நீளக் கழியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பரவாயில்லை. பானையைத் தட்டியது போல் வெற்றுச் சத்தம் வந்தால் பூச்சு விட்டுவிட்டது. அன்றே கட்டிலையும் தொட்டிலையும் வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். கம்பியே வெளியே தெரிந்தால் பூசி மறைப்பது தப்பு. பொறியாளர் பார்க்க வேண்டும்.

மின்விசிறி, விளக்கு பக்கத்தில் ஒழுகினால் சுவிட்சைத் தொடாமல் மெயினை அணைக்க வேண்டும். இடி, மின்னல் நேரத்தில் அடைப்பு எடுக்க யாரும் மாடிக்குப் போக வேண்டாம்.

தேங்கிய நீர் கூரையோடு நிற்பதும் இல்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மாடியின் மூலையில் தெளிந்து நிற்கும் தண்ணீர் அதற்கு நல்ல இடம்.

கிராமங்களில் பல வருடங்களுக்கு முன் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய கவலை. வீடே சிறியது, ஒழுகினால் மாறிப் படுக்க வேறு அறை கிடையாது. பழைய அரசு வீடுகளைப் பழுதுபார்க்க அரசுத் திட்டம் இருக்கிறதா, தங்கள் வீடு அதில் வருமா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்கலாம். கூரையின் படத்தையும் காட்டினால் பேச்சு சுலபமாகும். புதிதாக அரசு உதவியோடு வீடு கட்டுபவர்கள், தளம் போடும் நாளிலேயே வாட்டத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அன்று கேட்டால் வார்த்தைதான் செலவு. பிறகு என்றால் ஆயிரக்கணக்கில் பணம்.

வெளியே போகும் தண்ணீர் எங்கே போகிறது?

தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த திட்டம் அது.

மழைநீரில் அந்த ஃபுளோரைடு கிடையாது. பாட்டியின் கட்டில் மேல் சொட்டுகிறதே, அது இந்த மாவட்டம் தேடி அலையும் தண்ணீர். 1,000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமானது. பல வீடுகளில் அன்று போட்ட குழாய் இன்று உடைந்து, நீர் தெருச் சாக்கடைக்குப் போகிறது. வடிகுழாயைச் சரிசெய்யும் கையோடு அதையும் தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிடலாம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து கூழாங்கல், மணல், கரி வழியாக வடித்துச் சேர்க்க வேண்டும். குடிக்க எடுத்தால் காய்ச்சிக் குடிக்க வேண்டும். மாடியில் ரசாயனப் பூச்சு அடித்திருந்தால், அந்தத் தண்ணீரைப் புழங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இண்டூர் வீட்டுக்கே திரும்பிப் போவோம். இந்த முறை மேஸ்திரி பூச்சு டப்பாவோடு வரவில்லை. முதலில் துடைப்பத்தை வாங்கி மாடியைக் கூட்டுகிறார். குழாய் வாயைச் சுற்றி உடைத்துத் தாழ்த்துகிறார். இரண்டு இடத்தில் ஓட்டைப் பெயர்த்து வாட்டம் வைக்கிறார். கடைசியில் ஒரு குடம் தண்ணீர் கேட்கிறார்.

"ஊத்துங்க்கா, எங்க ஓடுதுன்னு பாப்போம்."

தண்ணீர் எங்கும் நிற்காமல் குழாய்க்கு ஓடினால் வேலை முடிந்தது. பாட்டியின் கட்டிலைப் பழைய இடத்துக்கே நகர்த்தலாம். குண்டான் சமையலறைக்குத் திரும்பிவிடும்.